ஹவுஸ் சர்ஜன்களை யாரு பாத்துக்கிறது: யூனிட்டா, மென்டாரா, பிஜியா?

போன வாரம் கூட படிச்சவன் ஒருத்தன் ராத்திரி பத்தரைக்கு போன் பண்ணான். 2022 ஜனவரியில ஒரே நாள்ல 11 அரசு மெடிக்கல் காலேஜ் திறந்தாங்களே, விருதுநகர், நாமக்கல், ஊட்டி, அரியலூருன்னு, அந்த மாதிரி புது காலேஜ் ஒண்ணுலதான் அவனுக்கு வேலை. "டேய், எங்க முதல் பேட்ச் சிஆர்ஆர்ஐ வரப்போறாங்கடா, டீன் என்னை கோஆர்டினேட்டரா போட்டுட்டாரு, யாரு யாரை பாத்துக்கணும்னு திங்கக்கிழமைக்குள்ள ஒரு பேப்பர் கேக்குறாரு, நீங்கல்லாம் என்ன பண்றீங்க"ன்னு கேட்டான். சிஆர்ஆர்ஐன்னா எம்பிபிஎஸ் பரீட்சை முடிச்சுட்டு ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சி எடுக்கிறவங்க, ஹவுஸ் சர்ஜன்னு கூப்பிடுறதும் அவங்களைத்தான். நாங்கல்லாம் என்ன பண்றோம்னு யோசிச்சப்பதான் தெரிஞ்சுது, எங்க காலேஜுலயும் யாரும் உக்காந்து முடிவு பண்ணதே இல்ல, அது பாட்டுக்கு நடக்குது. இதே கேள்வியை இந்த வருஷம் இன்னும் ரெண்டு பேரு கேட்டாங்க, அதனால மொத்தமா எழுதிடுறேன்.

வழி மூணுதான். ஒண்ணு, காலங்காலமா நடக்கிறது, எந்த யூனிட்ல (ஒரு சீஃப்புக்குக் கீழ இருக்கிற டாக்டர் குழு) போஸ்டிங்கோ அந்த யூனிட்டே பாத்துக்கும். ரெண்டாவது, வருஷம் முழுக்க ஒரே மென்டார், ஒரு ஃபேகல்டிக்கு அஞ்சாறு பசங்கன்னு பிரிச்சுக் குடுத்துடுறது. மூணாவது, பேப்பர்ல எங்கயும் இல்லாட்டியும் எல்லா ஊர்லயும் நடக்கிறது, பிஜிங்கதான் (எம்டி, எம்எஸ் படிக்கிற டாக்டர்ங்க) பாத்துக்கிறாங்க, அதையே முறையா ஆர்டர் போட்டு ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனுக்கும் ஒரு பிஜி பேரை எழுதிடுறது.

எதை வச்சு அளக்கிறது

எனக்கு முதல் அளவுகோல் ஒண்ணே ஒண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் புள்ள யாருக்கு போன் பண்ணும், பண்ணா எடுப்பாங்களா. இதை ஏன் முதல்ல வைக்கிறேன்னா, நான் ஏபியா (அசிஸ்டன்ட் புரொஃபசரா) இருந்த ஒரு ஆஸ்பத்திரியில நடந்த கதை இருக்கு. மெடிசின் வார்டு, ராத்திரி 1.40. ஒரு ஹவுஸ் சர்ஜன் பொண்ணு ஏபிஜிக்கு (தமனி ரத்தப் பரிசோதனை) ரத்தம் எடுத்துட்டு ஊசிக்கு திரும்ப மூடி போடும்போது ஆள்காட்டி விரல்ல குத்திக்கிச்சு. என்ன பண்ணுச்சு தெரியுமா, விரலை பிழிஞ்சு பிழிஞ்சு ரத்தம் எடுத்து, மேல ஸ்பிரிட் ஊத்தி, ஒரு பிளாஸ்டர் ஒட்டிட்டு அடுத்த பெட்டுக்கு போயிடுச்சு. ரெண்டுமே தப்பு, பிழியவும் கூடாது ஸ்பிரிட்டும் வேணாம், சோப்பும் ஓடுற தண்ணியும் போதும். ஹெச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டா முதல் டோஸ் ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா நல்லது, 72 மணி நேரம் தாண்டிட்டா குடுக்கிறதுல பிரயோஜனம் இல்ல, ஆரம்பிச்சா 28 நாள் விடாம சாப்பிடணும். இதெல்லாம் பரீட்சையில எழுதி மார்க் வாங்கின பொண்ணுதான். காலையில 11 மணிக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா கட்டைப் பாத்து கேட்டதுக்கு அப்புறம்தான் விஷயமே வெளிய வந்துச்சு. ஏம்மா சொல்லலன்னு கேட்டா, பிஜி அக்காவுக்கு அடிச்சேன் சார், ஐசியூல இன்டியூபேஷன்ல இருந்தாங்க, எடுக்கல, சுவத்துல ஒட்டியிருந்த டூட்டி ஏபி நம்பருக்கு அடிச்சேன், "நான் இப்ப தர்மபுரியில இருக்கேம்மா"ன்னு சொன்னாரு. அவரு டிரான்ஸ்ஃபர்ல போயி எட்டு மாசம் ஆச்சு, பேப்பரை யாரும் மாத்தல. அந்த பேஷன்ட் ரிப்போர்ட் எல்லாம் நெகட்டிவ், அந்த மட்டுக்கும் தப்பிச்சோம்.

ரெண்டாவது அளவுகோல், கை வேலை செய்யும்போது பக்கத்துல ஒரு கண்ணு இருக்கா. ஹவுஸ் சர்ஜன் செஞ்ச வேலையெல்லாம் பதியுற லாக் புக்ல நாலு படி வரும், வேடிக்கை பாத்தான், கூட நின்னு உதவினான், ஒருத்தர் பக்கத்துல நின்னா செய்வான், தனியாவே செய்வான்னு. மூணாவது படியில இருந்து நாலாவதுக்கு எப்ப போனான்னு சொல்லக்கூடிய ஆளு ஒருத்தர் இருக்கணும்.

மூணாவது, தொடர்ச்சி. கணக்கு போட்டுப் பாருங்க, 2021 இன்டர்ன்ஷிப் விதிப்படி ஒரு வருஷத்துல கம்யூனிட்டி மெடிசின் 12 வாரம், ஓஜி (மகப்பேறு, மகளிர் நோய்) 7, மெடிசின் 6, சர்ஜரி 6, மத்ததெல்லாம் பெரும்பாலும் ரெண்டு வாரம், ஸ்கின், ஃபாரன்சிக் எல்லாம் ஒரே வாரம். வந்தவன் பேரை மனப்பாடம் பண்றதுக்குள்ள அடுத்த டிபார்ட்மென்ட்டுக்கு போயிடுவான். அவன் வாடிக்கிட்டு வர்றத யாரு கவனிக்கிறது?

நாலாவது, கையெழுத்து. ஹவுஸ் சர்ஜனுக்கு இருக்கிறது புரொவிஷனல் ரிஜிஸ்ட்ரேஷன்தான். மெடிக்கல் சர்டிபிகேட், டெத் சர்டிபிகேட், மெடிக்கோ லீகல் பேப்பர் எதுலயும் அவன் தன் பேர்ல கையெழுத்து போடக்கூடாது. நடு ராத்திரி வார்டுல ஒரு டெத், ஃபார்ம் 4 (இறப்புக் காரணச் சான்று) எழுதணும், சொந்தக்காரங்க அவசரப்படுத்துறாங்க, ஏபி குவார்ட்டர்ஸ்ல இருக்காருன்னா என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். காஷுவாலிட்டில ஏஆர் (விபத்துப் பதிவேடு) என்ட்ரியும் அப்படித்தான். அஞ்சாவது, பாத்துக்கிறவங்களுக்கு ஆகுற நேரம். இதை யாரும் கணக்குல எடுக்கிறதே இல்ல, எடுக்காம போட்ட திட்டம் எல்லாம் மூணாவது மாசம் படுத்துடும்.

யூனிட்டே பாத்துக்கிறது

இதோட பெரிய பலம், பொறுப்பு எங்க இருக்குன்னு தேட வேண்டியதில்ல. பேஷன்ட் எந்த யூனிட்டோ ஹவுஸ் சர்ஜனும் அந்த யூனிட், சீஃப் ஒருத்தரு, ஏபி ரெண்டு மூணு பேரு, அட்மிஷன் டே என்னிக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ரவுண்ட்ஸ்ல பேஷன்ட் பக்கத்துலயே பேசி கத்துக்கலாம். கேஸ் ஷீட்டை அவன் எழுதினது சரியா இல்லையான்னு மறுநாள் காலையிலயே தெரிஞ்சிடும், இதைவிட வேகமான ஃபீட்பேக் வேற எந்த முறையிலயும் கிடையாது.

நல்லா நடக்கிற யூனிட் எப்படி இருக்கும்னா, ஒரு ஹவுஸ் சர்ஜன் வந்து "சார், அஞ்சு நாள் ஃபீவர், பிளேட்லெட் 60,000"ன்னு சொன்னா உடனே ஆர்டர் சொல்லாம, நீ என்னன்னு நினைக்கிறேன்னு முதல்ல கேப்பாங்க. டெங்கு சார். எதை வச்சு சொல்ற? பிளேட்லெட் சார். சரி, ஃபீவர் விட்டாச்சா, ஹெமட்டோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு) நேத்து எவ்ளோ இன்னிக்கு எவ்ளோ, வயித்து வலி இருக்கா, யூரின் எவ்ளோ போறாரு? காய்ச்சல் விடுற நேரந்தான் டெங்குல ஆபத்தான நேரம், பிளேட்லெட்டை விட ஹெமட்டோக்ரிட் ஏறுதான்னு பாருன்னு ஒரு பாடம், நீ பிளேட்லெட் பாத்தது சரி, ஆனா பிரஷர் பாக்காம வந்துட்டன்னு ஒரு பாராட்டு ஒரு குட்டு. மொத்தம் ரெண்டு நிமிஷம் ஆகும். இதைத்தான் அமெரிக்காவுல 1992ல குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் ஒன் மினிட் ப்ரிசெப்டர்னு அஞ்சு படியா எழுதி வச்சாங்க, நம்ம ஊர்ல நல்ல சீஃப்புங்க அதை பேரு வைக்காமலே செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

மறைஞ்சிருக்கிற செலவு என்னன்னா, யூனிட்டுக்கு வேலை ஓடுனா போதும். சாம்பிள் எடுத்துட்டு லேபுக்கு ஓடுறவன், ஸ்கேன் டேட் வாங்கிட்டு வர்றவன், பிளட் பேங்க்ல நிக்கிறவன், அவன்தான் நல்ல ஹவுஸ் சர்ஜன்னு பேரு வாங்குவான். ஆறு வாரம் முடிஞ்சு பாத்தா முந்நூறு சாம்பிள் தூக்கியிருப்பான், ஒரு ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியா வயித்துக்குப் போடுற குழாய்) தனியா போட்டிருக்க மாட்டான். லாக் புக்கை கடைசி நாள் மொத்தமா நீட்டுவான், ஏபியும் ஓபி கூட்டத்துக்கு நடுவுல பக்கத்தை புரட்டி புரட்டி கையெழுத்து போட்டுக் குடுப்பாரு (நானும் போட்டிருக்கேன், பெருமையா சொல்லல). இன்னொண்ணு, ரெண்டு வார போஸ்டிங்ல யூனிட் முறை வெறும் பேரளவுக்குத்தான். ஸ்கின் ஓபில ஒரு வாரம் வந்துட்டு போற பையனுக்கு தூக்கமே இல்லன்னு அங்க இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்.

வருஷம் முழுக்க ஒரே மென்டார்

எங்க காலேஜுல ஒரு வருஷம் இதை ஆரம்பிச்சோம், எனக்கு ஆறு பேரு. மாசம் ஒரு தடவை கேன்டீன்ல டீ, லாக் புக்கை கொண்டு வரணும், அவ்ளோதான் விதி. முதல் மாசம் ஆறு பேரும் வந்தாங்க, ரெண்டாவது மாசம் நாலு, மூணாவது மாசம் எனக்கே இன்ஸ்பெக்ஷன் வேலை வந்து நானே போகல. நாலாவது மாசம் வாட்ஸ்அப் குரூப்ல ஹேப்பி பொங்கல் மட்டும்தான் இருந்துச்சு.

ஆனாலும் இதை தூக்கிப் போட மாட்டேன், காரணம் அந்த ஆறு பேர்ல ஒருத்தன். நீட் பிஜிக்கு படிக்கிறேன்னு லைப்ரரியிலயே கெடந்தான், கையெழுத்தை ஃப்ரெண்ட்ஸ் பாத்துக்கிட்டாங்க. மெடிசின்ல ரெண்டு நாள், சர்ஜரில ஆறு நாள், ஓஜில எட்டு நாள்னு டிமிக்கி, தனித்தனியா பாத்தா எந்த டிபார்ட்மென்ட்டுக்கும் அது பெரிசா தெரியல. லாக் புக்கை முதல் பக்கத்துல இருந்து ஒண்ணா வச்சுப் பாத்த ஆளு நான் ஒருத்தன்தான், அதனால கூட்டிப் பாக்க முடிஞ்சுது. லீவு வருஷத்துக்கே 15 நாள், இவன் ஆறாவது மாசமே அதை தாண்டிட்டான். கூடுதலா எடுத்த ஒவ்வொரு நாளும் எக்ஸ்டென்ஷன், எக்ஸ்டென்ஷன் வந்தா கம்ப்ளீஷன் தேதி தள்ளும், நீட் பிஜிக்கு இன்டர்ன்ஷிப் முடிக்கிற கடைசி தேதின்னு ஒண்ணு வைப்பாங்க, அதைத் தாண்டிட்டா எந்தப் பரீட்சைக்காக டிமிக்கி குடுத்தானோ அதையே எழுத முடியாது. இதை ஒரு பேப்பர்ல கணக்கு போட்டு காமிச்சேன், பயபுள்ள அடுத்த நாள் காலையில ஏழரைக்கு வார்டுல நின்னான்.

கம்யூனிட்டி மெடிசின் 12 வாரத்துலயும் மென்டார்தான் கை குடுப்பாரு. வருஷத்துல கிட்டத்தட்ட கால்வாசி, பசங்க ஆஸ்பத்திரியிலயே இல்ல, பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்), கிராம சுகாதார மையம், கேம்ப்னு இருப்பாங்க. அங்க மெடிக்கல் ஆபீசருக்கு ஓபி பாக்கவே நேரம் இல்ல, யூனிட்டும் கிடையாது பிஜியும் பெரும்பாலும் கிடையாது.

செலவுப் பக்கம் பாத்தா, மென்டார் ஆர்த்தோக்காரரா இருப்பாரு, பையன் குழந்தைங்க வார்டுல மாட்டிக்கிட்டு இருப்பான், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர்த்தோக்காரருக்கு போன் பண்ணி என்ன பண்றது. அப்புறம் மென்டார் ஒண்ணும் கவுன்சலர் இல்ல. ஒரு பையன் வாழ்க்கையே வேணாம்னு பேச ஆரம்பிச்சா டீ வாங்கிக் குடுத்து அட்வைஸ் பண்ற வேலை வேணாம், அன்னிக்கே கூடப் போயி சைக்கியாட்ரி டிபார்ட்மென்ட்ல விடணும், ராத்திரி நேரம்னா டெலி மானஸ் ஹெல்ப்லைன் 14416 இருக்கு. எங்க அப்பா காலத்து டாக்டர்ங்க இதைக் கேட்டா "நாங்கல்லாம் 36 மணி நேரம் நின்னோம்"னு ஆரம்பிப்பாங்க, அந்த மாதிரி ஆளை மென்டாரா போடாம இருக்கிறதே நல்லது.

பிஜிகிட்ட ஒப்படைக்கிறது

உண்மையைச் சொல்லணும்னா நான் எல்பி (முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கிறது) போடக் கத்துக்கிட்டது எந்த புரொஃபசர்கிட்டயும் இல்ல, ராத்திரி மூணு மணிக்கு ஒரு செகண்ட் இயர் பிஜி அண்ணன்கிட்ட. பேஷன்ட்டை சுருட்டிப் படுக்க வச்சு, இடுப்பு எலும்பு மேட்டுல இருந்து நேரா ஒரு கோடு இழுத்து, என் விரலைப் புடிச்சு அந்த இடைவெளியில வச்சு, "இங்க, இப்ப தெரியுதா"ன்னு கேட்டாரு. ஊசி உள்ள போறப்ப கையை எடுக்கவே இல்ல. பிஜிங்க கொஞ்ச வருஷம் முன்னாடிதான் ஹவுஸ் சர்ஜன்சி முடிச்சவங்க, எங்க பயம் வரும்னு அவங்களுக்குத் தெரியும், வார்டுலயே இருக்காங்க, முட்டாள்தனமான கேள்வியை கூச்சமில்லாம கேக்கலாம். பக்கத்துல நிக்கிற கண்ணுன்னு பாத்தா பிஜியை யாரும் அடிச்சுக்க முடியாது.

ஆனா ஃபர்ஸ்ட் இயர் பிஜி தானே மூச்சு வாங்கிக்கிட்டு இருப்பான், அவனுக்கு ஹவுஸ் சர்ஜன்னா தன் வேலையில பாதியை தள்ளிவிட வந்த ஆளு. தேர்ட் இயர் தீசிஸ், பரீட்சைன்னு ஜனவரிக்கு மேல கண்ணுல படமாட்டான். ஆக நிஜமா கிடைக்கிறது செகண்ட் இயர் மட்டும்தான். தப்பு நடந்தா பிஜி மேலதான் விழும், ஆனா அவனும் மாணவன்தான், ஆர்டர்ல அவன் பேரை எழுதிட்டு ஏபி வீட்டுல தூங்குறது நியாயமே இல்ல. பிஜியே மட்டமா திட்டுற ஆளா இருந்தா ஹவுஸ் சர்ஜனுக்கு புகார் பண்ணவும் வழி இல்ல, நாளைக்கு அதே வார்டுல அதே பிஜி முகத்துலதான் முழிக்கணும்.

ஒரே பார்வையில பாக்கணும்னா இப்படி இருக்கும்:

| எதை பாக்கணும் | யூனிட் | ஒரே மென்டார் | பிஜி |
|---|---|---|---|
| ராத்திரி ரெண்டு மணி போன் | ஏபி நம்பர் சரியா இருந்தா சரி | பிரயோஜனம் கம்மி | உடனே வருவாங்க, ஐசியூல மாட்டலன்னா |
| பக்கத்துல கண்ணு | ஓபி கூட்டத்தைப் பொறுத்து | இல்ல | இருக்கிறதுலயே பெஸ்ட் |
| வருஷம் முழுக்க தொடர்ச்சி | இல்ல | இதுக்காகத்தான் இந்த முறையே | இல்ல |
| சட்டப்படி கையெழுத்து | உண்டு, ஏபி இருக்காரு | பேஷன்ட் அவரோட பொறுப்புல இல்ல | போடலாம், ஆனா ஏபி பொறுப்பு போகாது |
| ஆகுற நேரம் | ரவுண்ட்ஸோட போயிடும் | மாசம் மூணு நாலு மணி நேரம், தனியா | பிஜியோட தூக்கத்துல இருந்து |
| எப்ப படுத்துக்கும் | சின்ன போஸ்டிங்ல | மூணாவது மாசம் | பரீட்சை சீசன்ல |

அப்ப யாருக்கு எது

டேபிளைப் பாத்தாலே தெரியும், நாம ஒரே பேர்ல ரெண்டு வேலையை கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம். கை வேலையை மேற்பார்வை பாக்கிறது ஒண்ணு, ஆளையே பாத்துக்கிறது இன்னொண்ணு. முதல் வேலையை வார்டுல இல்லாதவரால செய்ய முடியாது, ரெண்டாவது வேலையை ரெண்டு வாரம் மட்டும் பாக்கிறவரால செய்ய முடியாது. ஒரே ஆள்கிட்ட ரெண்டையும் குடுத்துட்டு ஒண்ணும் நடக்கலன்னு புலம்புறோம்.

பழைய பெரிய காலேஜ், ஒவ்வொரு யூனிட்லயும் மூணு வருஷ பிஜியும் நிறைய இருக்காங்கன்னா, ராத்திரிக்கு பிஜியை முதல் போனா எழுதுங்க, ரெண்டாவது போனா ஏபி. ஆனா "பிஜி எடுக்கலன்னா பத்து நிமிஷத்துல ஏபிக்கு அடிக்கணும், திட்டு விழாது"ன்னு அந்த பேப்பர்லயே எழுதுங்க. திட்டு விழாதுங்கிற வார்த்தை இல்லாட்டி எவனும் அடிக்க மாட்டான்.

என் ஃப்ரெண்டு மாதிரி புது காலேஜுன்னா பெரிய காலேஜுல இருக்கிற பிஜி பட்டாளம் அங்க கிடையாது, அதனால மூணாவது வழியை மறந்துடலாம். அங்க யூனிட்தான் ராத்திரியும் பகலும், ஏபி ஆஸ்பத்திரிக்குள்ளயே இருக்கணும், வேற வழியில்ல. மென்டாரையும் போடணும், ஆனா எல்லா ஃபேகல்டியையும் போடாம நிஜமா ஆர்வம் இருக்கிற பத்து பேரை மட்டும் போடுங்க, ஒருத்தருக்கு பத்து பசங்க வந்தாலும் பரவாயில்ல, இஷ்டமில்லாத இருபது பேருக்கு அஞ்சஞ்சா பிரிச்சுக் குடுக்கிறதை விட அது மேல். மாசாமாசம் எல்லாரையும் பாக்கிற சடங்கு வேணாம், முதல் மாசம் ஒரு தடவை, ஆறாவது மாசம் லாக் புக்கோட ஒரு தடவை, பிஹெச்சி போஸ்டிங் அப்ப ஒரு போன், மத்தபடி பிரச்சனைன்னா மட்டும்.

வெளிநாட்டுல படிச்சுட்டு வந்து இங்க இன்டர்ன்ஷிப் பண்றவங்களுக்கு மட்டும் கணக்கு வேற. பல பேரு அங்க பேஷன்ட் மேல கை வச்சதே கம்மி, அதைச் சொல்லவும் வெக்கப்படுவாங்க. முதல் ரெண்டு வாரம் ஐவி லைன், கதீட்டர், தையல், சிபிஆர் இது நாலுக்கும் ஒரு ஆளு கூடவே இருந்தா மிச்ச வருஷம் தன்னால ஓடும். எல்லா ஹவுஸ் சர்ஜனுக்குமே முதல் வாரம் இதை ஸ்கில் லேபுல வச்சா நல்லதுதான், ஆனா முதல் வாரம் வார்டுக்கு ஆள் அனுப்பாம இருக்க எந்த சீஃப் ஒத்துக்குவாரு சொல்லுங்க.

எந்த வழியை எடுத்தாலும் சரி, ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி வார்டு சுவத்துல இருக்கிற நம்பரை ஒரு ஆளு போயி தானே டயல் பண்ணிப் பாக்கணும். இதை அவன்கிட்ட மூணு தடவை சொன்னேன். நேத்து பேப்பரை வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தான், நல்லாவே எழுதியிருந்தான், யூனிட் வாரியா ராத்திரி நம்பர் லிஸ்ட் எல்லாம் கச்சிதம். அதுல நாலாவது பேரைப் பாத்துட்டு போன் பண்ணேன், டேய், அவரு அடுத்த மாசம் ரிட்டயர்ட் ஆகுறாருடா.